பலூன் விட்டுச்செல்லும் மருந்து

“அப்பாவுக்கு முன்பு ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடி அடைப்பு. இந்த முறை ஸ்டென்ட் வேண்டாம், மருந்து பலூன் போதும் என்கிறார் டாக்டர். பழைய வைத்தியத்துக்கே திரும்புகிறோமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இல்லை. 1977-இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் கிரூன்ட்சிக் இதயக் குழாயில் விரித்த பலூன், அடைப்பை விலக்கியதோடு சரி. விரியும்போது காயம்பட்ட குழாய்ச்சுவரில் தசைச்செல்கள் பெருகி, பலருக்கும் ஆறு மாதத்துக்குள் வழியைச் சுருக்கிவிட்டன. பிறகு வந்த உலோக ஸ்டென்டின் வலைக்குள்ளும் அவை வளர்ந்தன. அந்தச் செல்களை அடக்கும் மருந்தை உடம்பு முழுக்கச் செலுத்துவானேன் என்று ஸ்டென்டின் மேலேயே பூசினார்கள். அது வாரக்கணக்கில் மெல்லக் கசியும்.

பலூனுக்கு அந்த அவகாசம் கிடையாது. ரத்த ஓட்டத்தை மறித்து நிற்பதால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சுருக்கியாக வேண்டும். அதற்குள் மருந்து சுவரில் ஏறுமா? ஜெர்மனியின் புரூனோ ஷெல்லரும் உல்ரிக் ஸ்பெக்கும் ஏற்றிக் காட்டினார்கள். அவர்கள் எடுத்தது யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து. செல் இரண்டாகப் பிரிவதை அது தடுக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் ஒட்டும். தனியாகப் பூசினால் பலூனை விட்டு எளிதில் வராது. ஆஞ்சியோகிராமில் குழாய் தெரிவதற்காகச் செலுத்துகிறோமே, அந்தச் சாயத்தையே கலந்து பூசினார்கள். மருந்து சுவருக்கு மாறியது! படம் எடுக்க வந்த சாயம் மருந்துக்கு வாகனமானதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. என் அத்தை அரைத்து வைத்த மருதாணியைப் போல, பலூனை எடுத்த பிறகும் மருந்து உள்ளே தங்கி வேலை செய்கிறது. 2006-இல் வெளியான அவர்களது சோதனையில், ஸ்டென்டுக்குள் அடைப்பு ஏற்பட்டிருந்த 52 பேர் பங்கேற்றனர். ஆறு மாதத்துக்குப் பின், வெறும் பலூன் பெற்றவர்களில் 43 சதவீதம் பேருக்கு மறுபடி அடைப்பு. மருந்து பலூனில் 5 சதவீதம்தான்.

வாசகியின் அப்பாவுக்குக் கூடுதல் உலோகம் இல்லாமலே சரியாகலாம். ஆனால் இத்தனை நுட்பத்தையும் நாம் வீட்டில் பாழாக்குகிறோம். வலி போனதும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். செல்களை அடக்கும் அதே மருந்து, உள்ளே இருக்கும் ஸ்டென்டின் மேல் புதுத்தோல் மூடுவதையும் தாமதிக்கச் செய்யும். மூடாத கம்பியில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. பல் பிடுங்கப் போனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை இதய டாக்டர் சொல்லட்டும்.