இரத்தம் ஏற்றுதல்: முதல் 15 நிமிடங்கள்

மனித இரத்தம் அனைத்தும் ஒரே தன்மையுடையது அன்று என்பதை 1901-ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் வெளிப்படுத்தினார். அதற்கு முன், ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றுவது குருட்டு முயற்சியாகவே இருந்தது. ‘ஓ’ வகையினரின் இரத்த நீரில், ‘ஏ’, ‘பி’ ஆகிய இரு வகைச் சிவப்பணுக்களையும் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே உள்ளன. அவருக்கு ‘ஏ’ வகை இரத்தம் சென்றால், புதிய அணுக்கள் சிதைந்து, வெளிப்படும் ஹீமோகுளோபின் சிறுநீரகங்களைப் பழுதாக்கும். சில மில்லிலிட்டர் அளவே இதற்குப் போதும்.

இன்று இத்தகைய விபத்து பெரும்பாலும் ஆய்வகத்தில் நேர்வதில்லை. ஆள் மாறுவதால் நேர்கிறது. ஆதலின் சரிபார்த்தல் செவிலியர் மேசையில் அன்று, நோயாளியின் படுக்கையருகே நிகழவேண்டும். “நீங்கள்தானே முருகன்?” என்று வினவினால், அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையசைப்பார். “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்பதே உரிய வினா. பெயர், மருத்துவமனைப் பதிவெண், இரத்த வகை, பையின் எண், காலாவதி நாள் ஆகியவற்றை இருவர் தனித்தனியே ஒப்பிடவேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் பை இரத்த வங்கிக்கே திரும்பவேண்டும்.

சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரி செல்சியசில் காக்கப்படுகின்றன. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த 30 நிமிடங்களுக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்திற்குள் முடிக்கவேண்டும். தாமதித்தால் கிருமிகள் பெருகக்கூடும். குளிர்ச்சியைப் போக்கவெனப் பையை வெந்நீரில் இடுதல் அணுக்களை அழிக்கும். இரத்தத் தட்டுகளோ அறை வெப்பநிலையிலேயே இருக்கவேண்டியவை.

வடிகட்டியுள்ள குழாயில் இரத்தத்துடன் நார்மல் சலைன் மட்டுமே சேரலாம். டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ரிங்கர் லாக்டேட்டிலுள்ள கால்சியம், பையில் உறைதலைத் தடுக்கும் சிட்ரேட்டின் பயனைக் கெடுத்து, குழாயிலேயே இரத்தத்தை உறையச் செய்யும்.

தொடங்குமுன் வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியன குறிக்கப்படும். முதல் 15 நிமிடங்கள் துளிகள் மெல்ல விழவேண்டும். செவிலியர் அருகிலிருந்து கவனிக்கவேண்டும். பின்னர் அந்நான்கையும் மீண்டும் அளக்கவேண்டும். நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். “என்னவோ போல் இருக்கிறது” என்று நோயாளி சொல்வதையும் அச்சமெனத் தள்ளிவிடலாகாது; சிலரிடம் எதிர்வினையின் முதல் அறிகுறி அதுவே. மயக்க மருந்து பெற்றவர் எதையும் சொல்லமாட்டார். அவரிடம் இரத்த அழுத்தம் வீழ்தலும் சிறுநீர் சிவத்தலுமே பேசும்.

அறிகுறி தோன்றியதும் இரத்தத்தை உடனே நிறுத்தவேண்டும். மருத்துவரின் வருகைக்குக் காத்திருத்தல் கூடாது. சிரையிலுள்ள ஊசிக்குழலை அகற்றாமல், புதிய குழாய் வழியே நார்மல் சலைன் செலுத்தி, மருத்துவருக்குத் தெரிவித்து, அடையாளங்களை மீண்டும் ஒப்பிடவேண்டும். எஞ்சிய பையும் அதன் குழாயும், நோயாளியிடம் புதிதாக எடுத்த இரத்த மாதிரியும் இரத்த வங்கிக்குச் செல்லும். சிறுநீர் மாதிரியும் சோதிக்கப்படும். பதற்றத்தில் அப்பையைக் குப்பையில் இட்டுவிட்டால், எதிர்வினையின் காரணத்தை அறியும் வழி பெரிதும் அடைபட்டுவிடும்.