செம்பும் ஆறாத புண்ணும்

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு, தோல் ஷாப்புகள் அருகில் இருக்கின்றன என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கே அறிவித்துவிடும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ரோமம் நீங்கி, வெளுத்து வழுவழுத்துக் கிடக்கும் ஆட்டுத்தோலை அப்படியே விட்டுவைத்தால் அழுகிப்போகும். அதையே ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ ஊறவைத்தால், அதன் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து, வருஷக்கணக்கில் செருப்பாக உழைக்கும் பலத்தை அடைகின்றன. அந்த நாரின் பெயர் கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954இல் நிர்ணயித்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தால் தவறில்லை.

உயிருள்ள சரீரத்திலும் இதே பிணைப்பு வேலை நடந்தாக வேண்டும். காயம் பட்ட இடத்தில் புதிதாக உண்டாகும் கொலாஜன் நார்களைப் பிணைத்து உறுதியாக்குவது லைஸில் ஆக்ஸிடேஸ் என்ற என்ஸைம்; அந்த என்ஸைமோ, தன்னுள் செம்பு அணு அமர்ந்தாலொழிய எந்தக் காரியமும் செய்யாது. புண்ணின் அடியில் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதற்கான சமிக்ஞைகளிலும் செம்புக்குப் பங்கு உண்டு. இத்தனைக்கும் மனித உடம்பு முழுவதிலும் இருக்கும் செம்பு சுமார் 100 மில்லிகிராம்தான். நாள் ஒன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும், அதை எள்ளும் பயறும் முந்திரியும் தானியங்களுமே கொடுத்துவிடும்.

அப்படியானால் நீரிழிவுக்காரரின் புண் ஆறாததற்குச் செம்புக் குறைவுதான் காரணமா என்று கேட்டால், விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் செம்பு குறைந்திருப்பதற்குப் பதில் சற்று அதிகமாகவே இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. செல்லுக்குள் செம்பைச் சுமந்து சென்று, உரிய என்ஸைமிடம் ஒப்படைப்பது ஏடிபி7ஏ என்ற புரதம். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் ரத்தக் குழாய்களில் இப்புரதம் குறைந்துவிடுகிறது. சர்க்கரை ஏறிய புரதங்களில் தொற்றிக்கொண்ட செம்போ, திசுக்களைச் சேதப்படுத்தும் ரசாயன விபரீதங்களைத் தூண்டுகிறது. ஆகவே, வேண்டிய இடத்தில் பஞ்சமும் வேண்டாத இடத்தில் மிகுதியும் ஏககாலத்தில் நேர்கின்றன.

இதை அறியாமல், செம்புக் குடத்துத் தண்ணீரைக் குடித்தால் கால் புண் ஆறும் என்று நம்புவோர் நம் ஊர்களில் உண்டு. செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைத்த நீரில் கிருமிகள் மடிவது மெய்யே. அதனால் புண் ஆறும் என்பது மெய்யன்று. செம்பு உப்பான மயில்துத்தத்தைப் பொடித்துப் புண்ணில் வைப்பது இன்னும் அபாயம்: அது கிருமியோடு சேர்த்துப் புதிய சதையையும் பொசுக்கிவிடும். செம்பு ஆக்ஸைடு ஊட்டிய கட்டுத்துணிகள் வெளிநாடுகளில் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன என்றாலும், அவை வைத்தியத்துக்குத் துணையே தவிர வைத்தியமாகா.

நிலக்கோட்டைப் பூந்தோட்டத்திலும் ஒட்டன்சத்திரம் சந்தையிலும் வெறுங்காலோடு நடந்து பழகிய நீரிழிவுக்காரருக்கு, செம்பைப் பற்றிய விசாரத்தைவிட முக்கியமானது, காலில் மதமதப்பு வந்துவிட்டதா என்பதே. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிட்டவர், அன்றே வைத்தியரிடம் காலைக் காட்ட வேண்டியவர். சர்க்கரையை அடக்குவதும், புண் உள்ள பாதத்தில் பாரம் விழாமல் காப்பதும், ரத்த ஓட்டத்தைக் குறுக்கும் சுருட்டை விடுவதும் (சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடந்தான்) முதலில் ஆகவேண்டிய காரியங்கள்.

மாத்திரை விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. புண் சீக்கிரம் ஆறட்டும் என்று துத்தநாக மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி, அதிக அளவில் மாதக்கணக்காக விழுங்குகிறவர்களுக்கு, அந்தத் துத்தநாகமே குடலில் செம்பு உறிஞ்சப்படாமல் தடுத்துவிடுகிறது; உடம்பில் செம்பு மிதமிஞ்சிச் சேரும் வில்சன் வியாதிக்கு மருத்துவர்கள் துத்தநாகம் கொடுப்பதும் இதே காரணம் பற்றித்தான்.