பூவை வைத்து விலை போடலாமா?

1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகு அங்கே இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள், குவித்துப் போட்டிருந்த துப்பாக்கிகளில் ஆளுக்கொன்றை நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே பசிபிக் தீவுச் சண்டைகளில் கைப்பற்றியவற்றையும் பலர் அனுப்பியிருந்தார்கள். தாத்தா விட்டுப்போன அந்தத் துப்பாக்கிகளைப் பேரப்பிள்ளைகள் இப்போது விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். வாங்க வருபவரின் கண் முதலில் போவது குழலின் பின்புறம், தோட்டா நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள எஃகுக் கூட்டின் மேல்பக்கத்துக்கு. ‘ரிசீவர்’ எனப்படும் அந்தக் கூட்டில்தான் ஜப்பானியப் பேரரசரின் முத்திரையான 16 இதழ்ச் சாமந்திப் பூ பொறிக்கப்பட்டிருக்கும். பூ முழுதாக இருந்தால் விலை ஏறுகிறது, அரத்தால் ராவப்பட்டிருந்தால் இறங்குகிறது. துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்லும் சான்றுகளில் இந்தப் பூ பலவீனமானது. அதன் தலையிலேயே முழு விலையையும் ஏற்றிவைப்பது தவறு என்பது என் கருத்து.

முதலில், கையில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். பொதுவாக ‘அரிசாகா’ என்று சொல்லிவிடுகிறார்கள். அரிசாகா நாரியாகிரா என்ற அதிகாரி வடிவமைத்தது 1897-இன் 30-ஆம் வகை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அதன் போல்ட்டை நம்பு கிஜிரோ எளிமையாக்கித் திருத்தியதுதான் 1905-இல் வந்த 38-ஆம் வகை. மெய்ஜி பேரரசர் ஆட்சியின் 38-ஆம் ஆண்டு என்பதால் அந்த எண். 6.5 மில்லிமீட்டர் தோட்டா, ஏறத்தாழ 1.27 மீட்டர் நீளம். சீனப் போரில் இன்னும் வலுவான தோட்டா தேவை என்று உணர்ந்த ராணுவம், 1939-இல் 7.7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான 99-ஆம் வகையை ஏற்றுக்கொண்டது. அது ஜப்பானிய மரபுவழிக் கணக்கில் 2599-ஆம் ஆண்டு. ஜப்பானிய எழுத்து தெரியாதவரும் இவ்விரண்டையும் பிரித்தறியலாம். பூவுக்குக் கீழே மூன்று படுக்கைக் கோடுகளும் அவற்றையடுத்து இரண்டு சாய்கோடுகள் கொண்ட எழுத்தும் இருந்தால் அது 38. ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் 99. ரிசீவரின் மேல் வாயு வெளியேறும் துளை 38-இல் இரண்டு, 99-இல் ஒன்று. எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டாலும் இந்தத் துளைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பூவுக்கு வருவோம். பேரரசரின் சின்னம் அந்நியர் கைக்குப் போகக்கூடாது என்பதால் ஒப்படைக்கும் முன் அதை ராவினார்கள் என்பது பரவலான விளக்கம். ஜப்பானில் ஒப்படைக்கப்பட்ட பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு இது பொருந்தும். ஆனால் ராவப்பட்டதெல்லாம் 1945-இல் ராவப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது. ராணுவம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் போருக்கு முன்பே ராணுவப் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குத் தரப்பட்டன. அவை படையின் சொத்து இல்லை என்று காட்ட, பூவின் மேல் சிறு வட்டங்களை அடித்தோ ராவியோ முத்திரையை ரத்து செய்தார்கள். பூவே இல்லாமல் பிறந்த துப்பாக்கியும் உண்டு. ஜப்பானுக்காக இத்தாலியில் செய்யப்பட்ட ‘ஐ’ வகை, வெளித்தோற்றத்தில் 38-ஐப் போலவே இருக்கும். உள்ளே இருப்பது இத்தாலியின் கர்கானோ இயங்குமுறை. அதைப் பார்த்துவிட்டு ‘பூவைச் சுரண்டிவிட்டார்கள்’ என்று விலையைக் குறைத்துக் கேட்பவர் ஏமாறுகிறார், அல்லது ஏமாற்றுகிறார். மறுபக்கம், பூ முழுதாக இருந்தால் அது போர்க்களத்தில் பிடிபட்டது என்பதும் உறுதியில்லை. ஜப்பானுக்கு வெளியே சரணடைந்த படைகளிடமிருந்து வாங்கப்பட்ட பலவற்றில் பூ அப்படியே இருக்கிறது. போதாததற்கு, ராவிய இடத்தில் புதிதாகப் பூவைப் பொறித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு குறிக்குக் கூடுதல் பணம் கிடைக்கும் சந்தையில் அந்தக் குறியைப் போலி செய்ய ஆள் கிளம்புவது இயல்புதானே!

பூவைவிட நம்பகமான சாட்சி ரிசீவரின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வரிசை எண், செய்த ஆயுதச் சாலையின் முத்திரை, 1930-களிலிருந்து வந்த பெரும்பாலானவற்றில் எண்ணுக்கு முன்னால் வட்டத்துக்குள் ஒரு ஜப்பானிய அசை எழுத்து ஆகியவை இருக்கும். அந்த எழுத்துதான் தொகுதி. எண் ஒரு லட்சத்தை எட்டும் முன் அடுத்த எழுத்துக்கு மாறி மீண்டும் தொடங்குவார்கள். எந்த எழுத்து எந்தச் சாலைக்கு என்று பகிர்ந்து கொடுத்திருந்ததால், முத்திரையும் எழுத்தும் எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். டோக்கியோவின் கொயிஷிகாவா ஆயுதச் சாலை 1923 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, உற்பத்தி பின்னர் கொகுராவுக்கு மாறியது. நகோயா, கொரியாவின் ஜின்சென், மஞ்சூரியாவின் முக்டென் ஆகிய இடங்களிலும் செய்தார்கள். பிற்காலத்தில் மாஸ்டா கார்களால் பெயர்பெற்ற ஹிரோஷிமாவின் தோயோ கோக்யோவும், தையல் இயந்திரங்களால் பெயர்பெற்ற டோக்கியோ ஜூகியும் 99-ஐச் செய்தவைதான். வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் போல்ட்டின் கைப்பிடி அடியிலும் இருக்கும். சரணடைந்த இடங்களில் போல்ட்டுகளைக் கழற்றித் தனியாகக் குவித்திருந்ததால், சிப்பாய் ஒரு குவியலில் துப்பாக்கியையும் இன்னொன்றில் போல்ட்டையும் எடுத்துக்கொண்டான். எண் பொருந்தாத துப்பாக்கிகள் இத்தனை இருப்பது அதனால்தான். எண் பொருந்தினால் பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து பிரியாமல் வந்திருக்கின்றன என்று பொருள். இந்தச் செய்தியைப் பூ சொல்லாது.

போரின் கடைசி ஆண்டுகளில் செய்த 99-கள் வெறும் குப்பை, சுட்டால் வெடித்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அவை அழகற்றவைதான். தொடக்ககால 99-இல் குழலின் உட்புறம் குரோமியப் பூச்சு, விமானத்தைக் குறிபார்க்க மடக்குச் சிறகுகள், ஒற்றைக்கால் தாங்கி, தூசி மூடி எல்லாம் இருந்தன. 1945-இல் வந்தவற்றில் இவை இல்லை. குறிபார்க்க அசையாத ஒரு துளை, பின்முனையில் உலோகத்துக்குப் பதில் மரத்தட்டு, இழைத்து முடிக்காத மரம், கடைசல் தழும்பு மறையாத எஃகு. ஆனாலும் பொதுவாக இயங்குமுறையின் அடிப்படை வலு கைவிடப்படவில்லை. அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பி.ஓ. அக்லி பல நாட்டு ராணுவத் துப்பாக்கிகளை உடையும்வரை சோதித்தபோது அரிசாகாவின் இயங்குமுறையே மிக வலுவானதாக நின்றது. கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு காரணம் ஆள்மாறாட்டம். பள்ளிப் பயிற்சிக்கென்று வெற்றுத் தோட்டாவுக்காக மட்டும் வார்ப்பிரும்பில் செய்த துப்பாக்கிகள் தனியே இருந்தன. அவற்றின் குழலுக்குள் முறுக்கு வரி இருக்காது, போல்ட்டைப் பூட்டும் அமைப்பும் வலுவாக இருக்காது. அவற்றில் உண்மைத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது உயிருக்கு ஆபத்து. கடைசிக்கால 99-ஐயும் பயிற்சித் துப்பாக்கியையும் ஒன்றென்று நினைத்தவர்களால் வந்த பழி இது. முரட்டுத்தனமான அந்த 99, மூலப்பொருளும் நேரமும் தீர்ந்துகொண்டிருந்த நாட்டின் நிலையை அப்படியே காட்டுகிறது. சேகரிப்பாளர்கள் சிலர் இதையே விரும்பித் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் மதிப்பைக் கெடுப்பது எது? போருக்குப் பிந்திய கைவேலை. ராணுவப் பைக்குள் அடக்குவதற்காக முன்மரத்தை ரம்பத்தால் அறுத்தது, வேட்டைத் துப்பாக்கியாக்கக் குழலைக் குறைத்தது, வேறு தோட்டாவுக்காக அறையைக் கடைந்தது எல்லாம் மதிப்பைச் சரிப்பவை. இவற்றிலும் விலக்கு உண்டு. கொரியப் போர்க் காலத்தில் தென்கொரியப் படைக்காக அமெரிக்கர்கள் சில 99-களைத் தங்கள் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம் தனி வரலாறு, தனி மதிப்பு. நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதலும் ஒன்று உண்டு. ஜப்பானிய அரக்கு மரத்தின் பால் பூசிய மரப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, துருவேறிய எஃகுக்குக் கருநீலம் ஏற்றுகிறார்கள். சோழர் காலச் செப்புக்காசைப் புளி போட்டு விளக்குவது போன்ற காரியம் இது. பார்க்க நன்றாக இருக்கும், படிக்க ஒன்றும் மிஞ்சாது.

‘சந்தை பூவுக்குத்தானே பணம் தருகிறது, வாதத்தால் என்ன பயன்?’ என்று வியாபாரி கேட்கலாம். விற்கும் அன்றைக்கு அவர் சொல்வது சரி. நான் பூவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை; எண் பொருந்தி, மரம் அறுபடாமல், பூவும் மாறாமல் இருந்தால் கூடுதல் விலை நியாயம். எண் பொருந்தாத, தேய்த்து மெருகிட்ட ஒன்றுக்குப் பூவைக் காட்டி அதிக விலை வாங்குவதைத்தான் மறுக்கிறேன். சிப்பாய்க்கு மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு துப்பாக்கியோடு இருந்தால், அந்தக் காகிதத்துக்குப் பூவைவிட அதிகம் தருவேன். ஆக்கிரமிப்புப் படையின் கருவிக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர்களை நினைத்தால் நமக்கு இன்னும் உறைக்கும். அதனாலேயே இவற்றை அலங்காரப் பொருளாக்காமல் சான்றாக வைத்திருக்க வேண்டும் என்கிறேன். கலப்படமான சான்றால் யாருக்கும் பயனில்லை.

அந்தமானிலும் இம்பால், கோஹிமா போர்முனைகளிலும் ஜப்பானியப் படை இருந்ததால் இத்தகைய துப்பாக்கி இந்தியாவிலும் எங்கேனும் தென்படக்கூடும். அதைப் பழம்பொருள் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி, பழுதுபார்த்தாலும் சுடமுடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு. மற்றதற்கெல்லாம் உரிமம் வேண்டும்.