பல்காரணி அடையாளச் சரிபார்ப்புத் தணிக்கை

பல்காரணி அடையாளச் சரிபார்ப்புத் தணிக்கை என்பது, ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகள் ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லுக்கு மேலாக மற்றொரு சரிபார்ப்பு செயற்பாட்டில் உள்ளதா எனச் சோதித்து அறியும் முறை ஆகும். நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது கடினம். ஆதலால் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல்கள் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன.

காரணிகள்

ஒருவர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கும் சான்றுகள் மூன்று வகைப்படும். அவை அவர் அறிந்தது (கடவுச்சொல்), அவரிடம் உள்ளது (கைபேசி, பாதுகாப்புச் சாவி), அவரது உடற்கூறு (கைரேகை, முகம்) என்பனவாகும். இவற்றுள் வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டையேனும் கேட்பதே பல்காரணிச் சரிபார்ப்பு. இரண்டு கடவுச்சொற்களைக் கேட்பது இதில் அடங்காது. இந்தியாவில் இணையவழி அட்டைப் பரிமாற்றங்களுக்குக் கூடுதல் காரணி ஒன்றை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமாக்கியது.

தேவை

ஊடுருவுவோருக்கு எல்லாக் கணக்குகளும் தேவையில்லை; விடுபட்ட ஒன்றே போதும். 2021 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தினுள் ஊடுருவியோர், பயன்பாட்டில் இல்லாத, ஆனால் முடக்கப்படாத தொலை அணுகல் கணக்கு ஒன்றின் வழியாக நுழைந்தனர். அக்கணக்கிற்கு இரண்டாவது காரணி இல்லை. மே 7 அன்று எரிபொருள் குழாய்வழி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 44 இலட்சம் டாலர் பிணைப்பணமாகச் செலுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் 2023 நவம்பர் இறுதியில் நிகழ்ந்த ஊடுருவலும், பல்காரணிச் சரிபார்ப்பு இல்லாத பழைய சோதனைக் கணக்கு ஒன்றிலிருந்தே தொடங்கியது. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் வலைவாசல் 2024 மே மாதத்தில் ஊடுருவப்பட்டபோது, நிருவாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்றிருப்பதாக முதற்கட்ட விசாரணையில் தெரிவிக்கப்பட்டது.

செயற்படும் முறை

நிரல் முதலில் கணக்குகளின் முழுப் பட்டியலைப் பெறுகின்றது. மைக்ரோசாஃப்ட் சேவைகளில் கிராஃப் என்னும் இடைமுகமும், கூகுள் சேவைகளில் டைரக்டரி இடைமுகமும் இதற்கு உதவுகின்றன. பவர்செல், பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் எழுதலாம். அடுத்து, ஒவ்வொரு கணக்கிலும் பதிவு செய்யப்பட்டுள்ள சரிபார்ப்பு முறைகள், நிருவாக உரிமை, இறுதியாக உள்நுழைந்த நாள் ஆகியவை சேகரிக்கப்படுகின்றன. இறுதியில் காரணி இல்லாத கணக்குகள் தனியே பிரிக்கப்பட்டு, நிருவாகக் கணக்குகள் முதலிடம் பெறுமாறு அட்டவணைக் கோப்பாக எழுதப்படுகின்றன.

இவ்விடைமுகங்கள் பட்டியலைப் பக்கம் பக்கமாகவே தருகின்றன. பயனர் பட்டியலைக் கேட்கும்போது, அளவு குறிப்பிடப்படாவிடின் இரண்டுமே ஒரு பக்கத்தில் 100 கணக்குகளையே அளிக்கும். எடுத்துக்காட்டாக, பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள ஒரு கல்லூரியில் 2,400 கணக்குகள் இருப்பதாகக் கொள்வோம். அடுத்த பக்கத்தைக் கேட்காத நிரல் 2,300 கணக்குகளைப் பார்க்காமலே, பிழைச்செய்தி ஏதுமின்றி முடிந்துவிடும். எனவே அறிக்கையிலுள்ள எண்ணிக்கையை, ஊழியர், மாணவர் பதிவேடுகளுடனும் நிருவாகப் பக்கம் காட்டும் மொத்தத்துடனும் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

வரம்புகள்

பதிவு செய்திருத்தல் வேறு, கட்டாயமாக்கப்பட்டிருத்தல் வேறு. கூகுள் இடைமுகம் இவ்விரண்டையும் தனித்தனிப் புலங்களாகத் தருகின்றது. ஒருவர் தம் கைபேசியைப் பதிவு செய்திருந்தாலும், உள்நுழையும்போது அது கேட்கப்படாவிடின் பாதுகாப்பு இல்லை. ஆதலால் உள்நுழைவுப் பதிவுகளும் சோதிக்கப்படுகின்றன. மனிதர் அல்லாது நிரல்கள் பயன்படுத்தும் கணக்குகளால் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கு விடையளிக்க இயலாது. அவை தனியே ஆராயப்படுதல் வேண்டும். குறுஞ்செய்தி வழி வரும் குறியீடு, சிம் அட்டை மோசடியால் களவாடப்படக்கூடும் என்பதால் பாதுகாப்புச் சாவியைவிட வலுக்குறைந்ததாகக் கருதப்படுகின்றது.

தணிக்கை நிரலுக்குப் படிக்கும் உரிமை மட்டுமே அளிக்கப்படுதல் வேண்டும். அது உருவாக்கும் கோப்பு, காப்பற்ற கணக்குகளின் பட்டியல் என்பதால் அதுவும் பாதுகாக்கப்பட வேண்டியதாகும். அறிக்கை அது எடுக்கப்பட்ட நாளின் நிலையை மட்டுமே காட்டும். புதியோர் சேர்வதாலும், பணி விலகியோரின் கணக்குகள் எஞ்சுவதாலும் தணிக்கை குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் நடத்தப்படுகின்றது.