அறைக்குள் ஒரு சூரியன்

ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பம் எங்கே குடியேறினாலும், சில நாட்களில் அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்றும் குடியேறிவிடுகிறது. மும்பையின் தேவ்நாரிலும் அப்படித்தான். ஆனால், கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில், கீழ்த்தளத்து வீடுகளுக்குள் சூரியன் எட்டிப் பார்ப்பதே அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகம் அந்தச் சிறிது ஒளியையும் மறைத்துவிடும். கன்று வெளுத்து, நெட்டையாக ஓடிச் சாய்கிறது. அவ்வேளையில், செடி வளர்க்கவென்றே விற்கப்படும் எல்.ஈ.டி. விளக்குகளின்பால் மனம் செல்வது இயல்பே.

அவ்விளக்குகள் வெறும் ஏமாற்று அல்ல. 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தோர், எல்.ஈ.டி. ஒளியிலேயே விளைந்த கீரையை உண்டனர். நாம் வாங்கும் விளக்கு அதற்குத் தகுந்ததா என்பதே கேள்வி.

முதலாவதாக, பெட்டியில் அச்சிட்ட 'லூமன்' மனிதக் கண்ணுக்கு உரிய அளவு. செடியோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டே உணவு சமைக்கிறது. அதனை மைக்ரோமோல் என்ற அலகால் அளப்பர். ஊதா விளக்கே உயர்ந்தது என்பதும் தவறு. பச்சை ஒளியையும் இலை பயன்படுத்துகிறது. சாதாரண வெள்ளை விளக்கே போதும்.

இரண்டாவதாக, '1000 வாட்டுக்குச் சமம்' என்ற விளம்பரத்தை நம்பாமல், விளக்கு உண்மையில் செலவிடும் வாட்டைப் பாருங்கள். ஒரு ஜூல் மின்சாரத்துக்குச் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. ஏறத்தாழ 1.5 மைக்ரோமோல் தரும். சிறந்த செடி விளக்கு 2.5-க்கு மேல் தரும்.

இனிக் கணக்கிடுவோம். 20 வாட் வெள்ளைக் குழல்விளக்கு விநாடிக்குச் சுமார் 30 மைக்ரோமோல் தருகிறது. அதில் பாதி, அரை மீட்டர் சதுரத் தட்டின்மேல் விழுவதாகக் கொள்வோம். 12 மணி நேரத்தில் அங்கே சதுர மீட்டருக்கு 2.6 மோல் சேரும். வெட்டவெளியிலோ நல்ல வெயில் நாளில் 40 மோலை ஒட்டிக் கிடைக்கும். ஆகவே, முளைவிட்ட வெந்தயத்தை இளங்கீரையாகக் கிள்ள இவ்விளக்கு உதவும். வெயிலை விரும்பும் கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் போதாது. மாதம் 7.2 யூனிட் செலவாகும். விளக்குகளைக் கூட்டினால் செலவும் கூடும். அதனைச் சந்தைக் கீரையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளக்கு செடிக்கு அருகில் இருத்தல் வேண்டும். ஒற்றைப் பல்பை ஓரடி உயரத்திலிருந்து ஈரடிக்கு ஏற்றினால், ஒளி ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

பணம் செலவிடுமுன், செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. நண்பகலில் சன்னலருகே வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் விளக்கே வேண்டாம். மங்கலாக விழுந்தால் விளக்கு துணைசெய்யும். நிழலே விழாவிட்டால், கறிவேப்பிலைக் கன்றை வெயில் விழும் மேல்மாடி அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பதே நலம். அவர்கள் நான்கு கொத்துப் பறித்துக்கொண்டால், அது நியாயமான வாடகையே.