சோகியை இனங்காண்போம்

அட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கடலைக் காணப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். ஆயினும் கடல்நத்தை ஒன்றின் ஓடு பல்லாங்குழிக் காயாக மலையக வீடுகளையும் வந்தடைந்திருக்கிறது. அதுவே சோகி, சோழி, பலகறை என்றும் சொல்வர். அவற்றுள் ஒன்றுபோலத் தோன்றும் இரு சிறிய இனங்கள் உண்டு. 1758இல் லின்னேயஸ் ஒன்றுக்கு நாணயத்தைக் குறிக்கும் 'மொனேற்றா' என்றும், மற்றையதற்கு வளையத்தைக் குறிக்கும் 'அனுலஸ்' என்றும் பெயரிட்டார். நாம் பணச்சோகி, வளையச்சோகி என்போம்.

முதலில் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான அடிப்புறத்தில் நீண்ட பிளவும், அதன் இரு ஓரங்களிலும் பற்களும் இருந்தால் அது சோகிக் குடும்பம். பணச்சோகி மஞ்சள் அல்லது வெண்ணிறமானது. விளிம்பில் புடைப்புகள் இருப்பதால் கோணலாகத் தோன்றும். வளையச்சோகி முட்டை வடிவானது; விளிம்பு சீரானது; முதுகில் பொன்னிற வளையம் இருக்கும்.

ஆனால் வளையத்தை மட்டும் நம்பக் கூடாது. பணச்சோகியிலும் சிலவேளை மெல்லிய வளையம் தோன்றும். அலையில் தேய்ந்த ஓட்டில் நிறமே மங்கிவிடும். ஆகவே உருவத்தையே முதலில் நோக்க வேண்டும். இளம் சோகியின் ஓடோ மெல்லியது, வாய் அகன்றது, பற்கள் இன்னும் தோன்றியிராது. அதை வேறு நத்தை என்றே பலர் எண்ணிவிடுவர்.

அடுத்த சான்று வாழிடம். இரண்டுமே இந்து, பசுபிக் சமுத்திரங்களின் ஆழமற்ற நீரில், கற்களுக்கும் முருகைக் கற்களுக்கும் அடியில் வாழ்பவை. அலை குறைந்த குட்டைகளிலும் கடற்புல் தரையிலும் வளையச்சோகியை அதிகம் காணலாம்.

எனினும், ஓடு கிடைத்த இடமெல்லாம் நத்தை வாழ்ந்த இடமாகாது. 1344இல் பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா, அதற்குமுன் மாலைதீவில் காதியாக இருந்தார். அங்கே 4 இலட்சம் சோகிகள் ஒரு தங்கத் தீனாருக்கு விற்கப்பட்டதாக எழுதியுள்ளார். பின்னர் மேற்கு ஆபிரிக்காவின் மாலியில் 1,150 சோகிகளே ஒரு தீனார் பெறுவதைக் கண்டார். அத்திலாந்திக் கரையில் பணச்சோகி வாழ்வதில்லை. வணிகமே அதை அங்கு கொண்டுசென்றது. மாலைதீவுச் சோகிகள் பிற்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் சென்று, அதே கரையில் அடிமைகளின் விலையாகவும் எண்ணப்பட்டன.

எனவே கடற்கரைச் சுற்றுலாவில் ஓடொன்றைக் கண்டால் இடம், திகதி, அது கிடந்த தரை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே உயிர் இருந்தால் தொடாமல் விடுங்கள். கூம்பு வடிவ நத்தைகள் நச்சு ஊசியால் குத்தக்கூடியவை. அவற்றுள் சில ஆளையே கொல்லும். ஹிக்கடுவை, புறாத்தீவு போன்ற கடல்சார் தேசியப் பூங்காக்களிலிருந்து வெற்று ஓட்டையும் எடுத்துவரக் கூடாது. அங்கே ஒரு நிழற்படமும் ஒரு குறிப்பும் போதும். பெயரைப் பாடசாலைக்குத் திரும்பிய பின் ஆறுதலாகத் தேடலாம்.