சாப்பிட்டு வரலாமா, வெறும் வயிறா?

செவ்வாய்க்கிழமை காலையில் தமிழ்நாட்டின் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே காட்சிதான். வராந்தா பெஞ்சில் வரிசையாகக் கர்ப்பிணிகள். மடியில் துணிப்பை, பைக்குள் செக்கப் அட்டை, பக்கத்தில் துணைக்கு வந்த அம்மாவோ மாமியாரோ. நர்ஸ் டம்ளரை நீட்டுகிறார். "மெதுவா குடிச்சு முடிச்சிடும்மா. வாந்தி வந்தா உடனே சொல்லணும்." முதல் வாய் இனிக்கிறது, நாலாவது வாயில் முகம் கோணுகிறது. 300 மில்லி தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸ். காபிக்குச் சர்க்கரை போடும் கரண்டியால் அளந்தால் 15 கரண்டிக்குக் குறையாது.

நம் ஊரில் குளுக்கோஸ் என்றாலே தெம்பு. காய்ச்சல் வந்தால் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள், வெயிலில் வந்தவருக்குக் கரைத்துக் கொடுப்பார்கள். அதே குளுக்கோஸைக் கர்ப்பிணியிடம் நீட்டினால் மட்டும் வீட்டார் மிரள்கிறார்கள். "இதைக் குடிச்சே சர்க்கரை வந்துடாதா?" வராது. ஒரு டம்ளர் இனிப்பை உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இந்தச் சந்தேகம்? நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குப் போதுமான சர்க்கரை ரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பெரும்பாலான தாய்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு முடிவதில்லை. மாதம் ஏற ஏற இந்த இழுபறி கூடுவதால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் சோதிக்கிறார்கள். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே வயிற்றிலிருக்கும் குழந்தையே அதிகமாக இன்சுலின் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிக்கொள்கிறது. கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இது, இன்றைக்கும் நிற்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்தால் பிரசவம் சிக்கலாகலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் சுரப்பு உடனே நிற்காது. பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடுவது அதனால்தான்.

தாய்க்கோ பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தாகம், அசதி, அடிக்கடி சிறுநீர் எல்லாம் சர்க்கரையின் அறிகுறிகள். கர்ப்பத்தின் அன்றாடமும் அவையே. சோதிக்காமல் கண்டுபிடிக்க வழியில்லை.

முதன்முதலில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது அமெரிக்காவின் பாஸ்டனில். 1964-இல் ஜான் ஓ'சல்லிவனும் கிளேர் மஹானும் வெளியிட்ட முறையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், 100 கிராம் குளுக்கோஸ் குடிக்க வேண்டும், 3 மணி நேரம் உட்கார வேண்டும், 4 முறை ரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணை இப்படி வரச் சொன்னால் என்ன ஆகும்? பசியோடு கிளம்பி வழியில் மயங்குவார். அல்லது சாப்பிட்டுவிட்டு வந்து, "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்பப்படுவார். அந்த நாளை பல பேருக்கு வருவதேயில்லை.

சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷய்யா பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அவரும் அவரது குழுவினரும் முன்வைத்த முறையில் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற கேள்வியே இல்லை. வந்த நிலையில் 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. தமிழ்நாட்டில் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. இந்திய அரசின் தேசிய வழிகாட்டுதலும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. முதல் செக்கப்பிலேயே ஒரு முறை, அப்போது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுவதும் அனுசரிக்கப்படுகிறது.

இந்த முறைக்கு ஆட்சேபமும் சென்னையிலிருந்தே வந்தது. சாப்பிட்டுவிட்டு வரும்போது செய்தால் பல பேரைத் தவறவிட்டுவிடுகிறது என்று மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2014-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பல தனியார் மருத்துவமனைகள் வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்த 1 மணி நேரத்தில் ஒன்று, 2 மணி நேரத்தில் ஒன்று என்று 3 முறை ரத்தம் எடுக்கின்றன. அங்கே எல்லை முறையே 92, 180, 153. இதில் ஒன்றைத் தொட்டாலே கணக்கில் சேரும். துல்லியமா, எல்லோரையும் எட்டுவதா என்பது நிபுணர்களின் வழக்கு. திரும்பி வர முடியாத பெண்ணைப் பொறுத்தவரை, செய்யாமல் விட்ட துல்லியமான சோதனையால் பயன் எதுவும் இல்லை.

ஆக, தயாரிப்பு என்பது முந்தைய செக்கப்பிலேயே தொடங்குகிறது: "சாப்பிட்டு வரலாமா, வெறும் வயிறா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். வெறும் வயிறு என்றால் 8 மணி நேரமாவது பட்டினி. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பால் கலக்காத காபியும் கூடாது. முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கிக்கொண்டால் பட்டினி உறக்கத்திலேயே கழிந்துவிடும்.

பலர் செய்கிற இன்னொரு காரியம்தான் வினோதம். தேதி தெரிந்த நாளிலிருந்து சோற்றைக் குறைப்பார்கள், இனிப்பைத் தொடமாட்டார்கள், பாகற்காய்ச் சாறு குடிப்பார்கள். ஏதோ பரீட்சையில் தேறுவது போல. சில நாள் மாவுச்சத்தை அடியோடு குறைத்த உடம்பு, திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் வந்தால் தடுமாறிவிடும். இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டவும் கூடும். முந்தைய 3 நாளும் வழக்கமான இட்லி, சோறு, குழம்புதான் சரியான தயாரிப்பு.

குளுக்கோஸ் தண்ணீரை 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டினால் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமா என்று ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் மறுபடி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு என்றால் சோதனை தொடரலாம். வெட்கப்பட்டு மறைப்பதில் அர்த்தமில்லை. காத்திருக்கும்போது வெளியே சுற்றிவிட்டு வரக் கூடாது. நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அளவு மாறும். உட்கார்ந்தே இருக்க வேண்டும், எதையும் கொறிக்கக் கூடாது. பையில் சாப்பாட்டு டப்பா இருக்கட்டும், திறப்பது ரத்தம் கொடுத்த பிறகு. குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி சமீபத்தில் போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது சர்க்கரையை ஏற்றிக் காட்டும்.

"மூணு மாச சராசரி பார்க்கிற டெஸ்டையே எடுத்துடலாமே?" என்று விவரம் தெரிந்த கணவன்மார் கேட்பதுண்டு. கர்ப்பத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதாலும், ரத்தசோகை பரவலாக இருப்பதாலும் அந்தச் சராசரி ஏமாற்றும். டம்ளருக்கு மாற்று அதுவல்ல.

அளவு கூடுதல் என்று வந்தால் முதலில் உணவு ஒழுங்குதான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். ஊசி குழந்தையைப் பாதிக்குமோ என்று பாட்டிமார் பதறுவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடக்காது.

பிரசவம் ஆனதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அத்தோடு கதை முடிந்தது என்று வீடே மறந்துவிடும். ஆனால் இந்தத் தாய்களில் பலருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருகிறது. அதனால் 6 வாரம் கழித்து ஒரு சோதனை உண்டு. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே சமயம்தான். ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மா, தனக்கும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த முறை மட்டும் வெறும் வயிற்றோடு.